கத்தரி வரைந்த நிழல்கள்

சென்னை ராயபுரத்துக்குத் தெற்கே, தங்கசாலைத் தெருவில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் அரங்கில் மௌனப்படங்கள் ஓடிய காலம். அப்போது ஜெர்மனியின் போட்ஸ்டாமில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையைக் கத்தரித்து உருவங்கள் செய்தார். மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, அடியிலிருந்து ஒளி பாயும் கண்ணாடி மேசையில் கிடத்தி, இம்மி இம்மியாக நகர்த்தினார். ஒவ்வோர் அசைவையும் மேலே பொருத்திய கேமரா பதிவுசெய்தது. மூன்றாண்டு உழைப்பு. 1926இல் வெளியான 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்', இன்று எஞ்சியுள்ள முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது.

நிழலுருவத்தில் முகபாவத்துக்கு இடமில்லை. தலை சாய்வதையும் விரல் மடங்குவதையும் கவனியுங்கள். காதலும் அச்சமும் அங்கேதான் இருக்கின்றன.

நம் பக்கத்திலும் நிழற்பாவைகள் உண்டு. தமிழகத் தோல்பாவைகள் சாயமேற்றிய ஆட்டுத்தோலால் ஆனவை. திரையில் வண்ணமாகத் தெரியும். பாலக்காட்டுப் பகுதிக் கோயில்களில் கம்பராமாயணம் ஆடும் பாவைகளோ கருநிழல்கள். ரைனிகரின் கலைக்கு நெருங்கிய உறவு அவைதாம்.