சீட்டும் நோயாளியும் – 9: இரண்டு மாத்திரை, இரண்டு வேளை

சுகாதார எழுத்தறிவு என்பது ஒருவர் தம் உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிப் பெறவும், பெற்றதைப் புரிந்துகொள்ளவும், புரிந்ததைக் கொண்டு முடிவெடுக்கவும் கொண்டிருக்கும் திறன் என்பதும், அது பள்ளிப்படிப்போடு தொடர்புடையதாயினும் அதற்கு நிகரானதன்று என்பதும் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டன. இத்திறன் குறைந்தவர்கள் முதல்நிலை மருத்துவச் சேவையை, அதாவது நோய் முற்றுவதற்கு முன் மக்கள் முதலில் நாட வேண்டிய பொது மருத்துவரையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தையும், எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதே இவ்வாரத்திற்கு வாக்களிக்கப்பட்டிருந்த கேள்வி.

புரியாதவர்கள் மருத்துவரிடம் குறைவாகவே செல்வார்கள் என்பதுதான் எவரும் எதிர்பார்க்கும் விடை. அமெரிக்காவில் 1990களில் டேவிட் பேக்கர், ரூத் பார்க்கர் ஆகியோரைக் கொண்ட ஆய்வுக்குழு இரண்டு பொது மருத்துவமனைகளில் நோயாளிகளின் வாசிப்புத் திறனை அளந்து, 1997இல் வெளியிட்ட கட்டுரை இந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தது. திறன் குறைந்தவர்களும் நிறைந்தவர்களும் மருத்துவரைப் பார்த்த எண்ணிக்கையிலோ, வழக்கமாகச் செல்ல ஒரு மருத்துவ இடம் இருப்பதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அட்லாண்டா நகர நோயாளிகளில், திறன் குறைந்தவர்களே முந்தைய ஆண்டில் மருத்துவமனையில் படுக்க நேர்ந்ததாக அதிகம் கூறினர். அந்நகரின் கிரேடி நினைவு மருத்துவமனையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை அடிப்படையாகக் கொண்டு 1998இல் வெளியான அடுத்த கட்டுரை, இதை நோயாளியின் நினைவை நம்பாமல் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டே உறுதிசெய்தது: 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்கள், போதிய திறன் இல்லாதோரில் 31.5 விழுக்காடு, போதிய திறன் உள்ளோரில் 14.9 விழுக்காடு. வயது, வருவாய் நிலை, காப்பீடு, உடல்நிலை முதலியவற்றைக் கணக்கில் கொண்டபோது இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து 2004இல் வெளியான மற்றொரு கட்டுரையும், மருத்துவரைப் பார்த்த எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதில் மட்டும் வேறுபாடு உண்டு என்றே கண்டது.

இம்முடிவுகளின் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புறநோயாளிப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அவர் சேவையைப் பயன்படுத்தினார் என்றே எந்தச் சுகாதாரத் துறையும் கணக்கெழுதுகிறது. அந்தக் கணக்கில், மருத்துவர் கூறியதை விளங்கிக்கொண்டு வீடு சென்றவரும், ஒன்றும் விளங்காமல் தலையசைத்துவிட்டுச் சென்றவரும் ஒரே எண்ணாகவே நிற்கின்றனர். வருகை குறையாமல் பலன் மட்டும் குறைகிறது என்றால், மருத்துவரின் அறைக்கும் நோயாளியின் வீட்டு அலமாரிக்கும் இடையே எங்கோ அது சிந்திப்போகிறது என்றே கொள்ள வேண்டும். அது சிந்தும் இடங்களுள் ஒன்றை மிகத் துல்லியமாகக் காட்டிய ஆய்வொன்று உண்டு. இவ்வாரப் பகுதியின் பெரும்பங்கை அதற்கே தருவது பொருந்தும்.

லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் பணியாற்றிய டெர்ரி டேவிஸ், நோயாளிகளின் மருத்துவ வாசிப்பை அளப்பதற்கான எளிய கருவி ஒன்றை முன்னரே உருவாக்கியவர். கொழுப்பு, மாத்திரை போன்ற சிறு சொற்களில் தொடங்கிக் கடினமான சொற்களுக்கு ஏறும் 66 மருத்துவச் சொற்களை நோயாளி உரக்கப் படிக்க வேண்டும். சரியாக உச்சரித்தவற்றை எண்ணி, இரண்டு மூன்று நிமிடங்களில் அவருடைய நிலை கணிக்கப்படும். பார்க்கரின் குழு உருவாக்கிய மற்றொரு தேர்வு 22 நிமிடம் வரை எடுத்துக்கொள்வது. அதில் நோயாளி மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டையும் அடுத்த வருகைக்கான சீட்டையும் படித்துக் கேள்விகளுக்கு விடை கூற வேண்டும். டேவிஸின் கருவி விரைவானது என்பதால் கூட்டம் மிகுந்த மருத்துவ நிலையங்களில் அதுவே பரவியது. எனினும் ஒரு சொல்லை உச்சரிக்க முடிவதும் அதன்படி நடக்க முடிவதும் ஒன்றுதானா என்ற வினா எஞ்சி நின்றது. அந்த வினாவுக்கு டேவிஸின் குழுவே விடை தேடியது.

ஷ்ரீவ்போர்ட், மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில், முதல்நிலை மருத்துவ நிலையங்களுக்கு வந்த, ஆங்கிலம் பேசும் 395 பேரிடம் ஐந்து மருந்துப் புட்டிகளின் ஒட்டுச்சீட்டுகள் காட்டப்பட்டு, இம்மருந்தை எப்படி உட்கொள்வீர்கள் என்று கேட்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, ஐந்தில் ஒன்றையேனும் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் 46.3 விழுக்காட்டினர். இதுவே கவலைக்குரிய எண்தான். ஆனால் ஆய்வின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. சளியை இளக்கும் மருந்து ஒன்றின் சீட்டில், இரண்டு மாத்திரைகளை நாளைக்கு இரண்டு முறை வாய்வழி உட்கொள்க என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் 70.7 விழுக்காட்டினர் இந்த வரியைச் சரியாகவே சொன்னார்கள். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதைச் செய்து காட்டுமாறு கேட்கப்பட்டபோது, சரியாகக் காட்டியவர்கள் 34.7 விழுக்காட்டினர் மட்டுமே.

சொல்லத் தெரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் செய்யத் தெரியவில்லை என்ற இந்த இடைவெளி, சுகாதார எழுத்தறிவு பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களைவிட அதிகம் கற்பிக்கிறது. சீட்டில் உள்ள சொற்கள் அனைத்தும் தொடக்கப்பள்ளிச் சொற்கள். அவற்றில் மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை. கடினம் சொற்களில் இல்லாமல், சொல்லப்படாமல் விடப்பட்ட கணக்கில் இருக்கிறது: இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும், பெருக்கி வந்த நான்கை நாளின் இரு பொழுதுகளுக்குப் பிரிக்க வேண்டும், அந்தப் பொழுதுகள் எவை என்பதையும் நோயாளியே தீர்மானிக்க வேண்டும். எழுதியவருக்கு இம்மூன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் அவை வேலையாகவே தோன்றுவதில்லை. காய்ச்சலோடும் கவலையோடும் நிற்பவருக்கோ மூன்றும் தனித்தனி வேலைகள். வரியைத் திருப்பிச் சொல்வதற்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை, நினைவு மட்டும் போதும். ஆகவே, மருத்துவர் சொன்னதை நோயாளி அப்படியே ஒப்பித்துவிட்டார், எனவே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்புகிற எந்த மருத்துவ நிலையமும் தன்னையறியாமல் ஏமாறுகிறது.

வரியை வேறுவிதமாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆய்வாளர்கள் சோதித்தனர். 359 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஒரே கட்டளை நான்கு வடிவங்களில் எழுதப்பட்டது. இத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை என்ற வடிவத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 53 விழுக்காடு. நாளைக்கு இத்தனை முறை என்பதை 61 விழுக்காடு. கடிகார மணியைக் குறிப்பிட்டுச் சொன்னதை 77 விழுக்காடு. காலையில், மாலையில் என்று பொழுதைச் சொன்னதை 89 விழுக்காடு. துல்லியமான கடிகார நேரத்தைவிடத் துல்லியம் குறைந்த பொழுதுப்பெயரே நன்றாக விளங்கியது என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் தம் நாளை உறக்கத்தாலும் உணவாலும் வேலையாலும் பிரித்தே வாழ்கின்றனர் என்பதையும், மருந்து அந்தப் பிரிவுகளுக்குள் பொருந்தினால்தான் உள்ளே போகும் என்பதையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன. 2011இல் மைக்கேல் வுல்ஃப் குழுவினர் 55 முதல் 74 வயது வரையிலான 464 பேரிடம், நாளைக்கு நான்கு வேளைகளில் அடக்கிவிடக்கூடிய ஏழு மருந்துகளைக் கொடுத்து நேரம் வகுக்கச் சொன்னபோது, அவர்கள் சராசரியாக ஆறு வேளைகளாகப் பிரித்தனர். ஒருசிலர் பதினான்கு வேளைகள் வரை சென்றனர். ஒரு நாளைப் பதினான்கு துண்டுகளாக்கி மருந்து உண்பவர் சில வாரங்களில் சோர்ந்து நிறுத்திவிட்டால், அதற்கு அவருடைய அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. கலிஃபோர்னியா மாநிலம் 2011 முதல் மருந்துச் சீட்டுகளுக்கான விதிகளை மாற்றி, பொழுதைக் குறிப்பிடும் எளிய கட்டளைகளை வகுத்ததோடு, அவற்றைச் சீனம், கொரியம், ருஷ்யம், ஸ்பானியம், வியத்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளிலும் ஆக்கித் தந்தது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு மருத்துவச் சீட்டுகளில் காணப்படும் 1-0-1 என்ற குறியீட்டைப் பெருமையோடு நினைக்கலாம். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொழுதையே அடிப்படையாகக் கொண்ட அது, அமெரிக்க ஆய்வாளர்கள் நெடுஞ்சுற்றுக்குப் பின் வந்தடைந்த முறையோடு உறவுடையது; எண்களை மட்டும் கொண்டிருப்பதால் மொழித் தடையும் அதற்கு இல்லை. ஆனால் முதலில் உள்ள எண் காலைக்குரியது என்பதை யாரேனும் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தால்தான் அக்குறியீடு பேசும். மேலும், மருந்து வழங்கும் இடத்தில் வரிசை நீளும்போது அட்டையிலிருந்து மாத்திரைகள் வெட்டித் தரப்படுகின்றன. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதியும், பல வேளைகளில் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வீட்டில் அது பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்ற பெயராலோ, வெள்ளை, மஞ்சள் என்ற நிறத்தாலோ மட்டுமே அடையாளம் காணப்படுகிறது. நிறுவனம் மாறி நிறமும் மாறினால் அடையாளமும் போய்விடுகிறது. இது கற்பனையான அச்சமன்று: மாரடைப்பிலிருந்து மீண்ட அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அதே மருந்தின் நிறம் மாறியபோது நோயாளி அதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியதாகக் கண்டது.

புரியவில்லை என்றால் கேட்டிருக்கலாமே என்று கூறுவோருக்கு, கிரேடி மருத்துவமனையிலேயே 202 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஆய்வு பதில் வைத்திருக்கிறது. திறன் குறைந்து, படிக்கச் சிரமப்படுவதை ஒப்புக்கொண்டவர்களில் 67.2 விழுக்காட்டினர் அதைத் தம் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொன்னதில்லை; 53.4 விழுக்காட்டினர் பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதில்லை. 19 விழுக்காட்டினர் உலகில் எவரிடமும் சொன்னதில்லை. வாழ்க்கைத் துணையிடம் மறைத்ததை, வெள்ளை அங்கி அணிந்த அந்நியரிடம் சில நிமிடங்களில் வெளியிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கேட்கும் பொறுப்பை நோயாளியின் தோளிலிருந்து இறக்க வேண்டியது மருத்துவ நிலையத்தின் கடமையே.

அதற்கான வழியும் தெரியாததன்று. மருத்துவர் தாம் விளக்கியதை நோயாளி தம் சொந்தச் சொற்களில் கூறவோ செய்து காட்டவோ வைத்து, பிழை இருந்தால் மீண்டும் விளக்கி, மீண்டும் சரிபார்க்கும் முறை திருப்பிச் சொல்லவைத்தல் எனப்படுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டீன் ஷில்லிங்கர் குழுவினர் 38 மருத்துவர்களும், சுகாதார எழுத்தறிவு குறைந்த 74 நீரிழிவு நோயாளிகளும் நடத்திய உரையாடல்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மருத்துவர்கள் எடுத்துரைத்த 124 புதிய கருத்துகளில் 15 மட்டுமே இவ்வாறு சரிபார்க்கப்பட்டன. சரிபார்த்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நேரம் போதாது என்ற வழக்கமான மறுப்புக்கு மாறாக, அந்த உரையாடல்கள் மற்றவற்றைவிட நீளவும் இல்லை. டேவிஸின் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால், ஒப்பிக்கச் சொல்வதைவிட எண்ணிக் காட்டச் சொல்வதே உறுதியான சோதனை என்பதும் விளங்கும். மாத்திரையைக் கையில் கொடுத்து, இன்றிரவுக்கு உரியதை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நோய் வருமுன் தேடிச் செல்ல வேண்டிய சேவைகளில் கதை வேறு. அங்கே வருகையே குறைகிறது. மெடிகேரில் சேர்ந்த 2,722 பேரை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில், இன்ஃபுளூயன்சா தடுப்பூசியை ஒருமுறைகூடப் போட்டுக்கொள்ளாதவர்கள், போதிய சுகாதார எழுத்தறிவு இல்லாதோரில் 29 விழுக்காடாகவும் உள்ளோரில் 19 விழுக்காடாகவும் இருந்தனர். வலி இழுத்துச் செல்லும் இடத்திற்கு எல்லோரும் செல்கின்றனர். அறிவு மட்டுமே இழுத்துச் செல்ல வேண்டிய இடத்தில்தான் பிளவு தொடங்குகிறது. உண்மையில் இவ்வாரம் விரிவாகப் பேசப்பட வேண்டியிருந்தது இதுவே. மருந்துச் சீட்டு இடத்தை எடுத்துக்கொண்டது. வலி தராமலே வளரும் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் சுகாதார நிலையமே வீடு தேடிச் சென்றால் இப்பிளவு குறையுமா என்பது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும், அதில் வாசல்தோறும் மருந்து கொண்டுசெல்லும் பெண் தன்னார்வலர்களின் உரையாடலையும் முன்வைத்து அடுத்த வாரம் ஆராயப்படும்.