டிரஸர் ஐயாவின் மோரிஸ் மைனர்

"பழைய காரைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எஞ்சின் எது?" என்பதைத்தான். மோரிஸ் மைனர் வைத்திருப்பவர் என்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "டட்சன் 1200." வெளியே 1950-களின் இங்கிலாந்து, உள்ளே 1970-களின் ஜப்பான். கார் நன்றாக ஓடுகிறது, வெயிலில் பளபளக்கிறது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போகிறது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அதை மோரிஸ் என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

இப்படி ஒரு பிடிவாதம் எனக்கு வந்ததற்குக் காரணம், பாரிட் புந்தாரில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் 30 ஆண்டுகளுக்கு மேல் படுத்துக் கிடந்த 1957-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, சாம்பல் நிறம், மெரூன் இருக்கை. பெரியப்பா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் டிரஸராக இருந்தவர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் டிரஸர்தான். டாக்டர் எப்போதாவது வருவார். இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து நிலைமை மோசமானால், லோரி கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நேரங்களில் ஓடியது இந்தக் கார். தோட்டத்தில் அதற்கு மோரிஸ் என்ற பெயரே கிடையாது. 'டிரஸர் வண்டி' என்றுதான் சொல்வார்கள்.

பெரியப்பா போன பிறகு காரை என்ன செய்வது என்று குடும்பத்தில் பேச்சு வந்தது. பழைய இரும்புக்குப் போடலாம் என்றார்கள் சிலர். பினாங்கிலிருந்து ஒருவர் வந்து விலை கேட்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959-இல் வந்த மினி காரும் அவர் கைவண்ணம்தான். 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மைனர் வெளியானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அவருக்குக் கார் ஒல்லியாகத் தெரிந்திருக்கிறது. மாதிரி வண்டியை நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். இன்றும் எந்த மைனரின் பானெட்டைப் பார்த்தாலும் நடுவில் தட்டையான ஒரு பட்டை ஓடுவது தெரியும். அந்த 4 அங்குலத்தின் அடையாளம் அது. கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்த வடிவமே பிடிக்கவில்லை, கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அந்த முட்டைதான் பிரிட்டனில் 10 லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார். உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழ்ப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய அம்பாசடர்கூட இதே மோரிஸ் குடும்பம்தான். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு.

மலாயாவில் கிராணிமார், ஆசிரியர், டிரஸர் என்று மாதச் சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய காராக இது இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிகளிலும் இதுதான். உங்கள் தாத்தா லைசென்ஸ் எடுத்தது எந்தக் காரில் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர், கார்களுக்கு நல்ல ஊர் அல்ல. கிரியான் வட்டாரம் முழுக்க நெல்வயல். 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கால். மேற்கே கொஞ்சத் தூரத்தில் கடல். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்னாகும்? அதிலும் மைனருக்குத் தனியாக முழுச் சட்டம் கிடையாது. லோரிக்கு இருப்பதுபோல் அடியில் கனத்த சேஸி இருந்து அதன்மேல் உடலை வைக்கவில்லை. உடல்தான் பாரத்தைச் சுமக்கிறது. எனவே கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் காரில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திய இடமெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பாகான் செராய்ப் பக்கம் ஒரு வயதான ஃபோர்மேன் இருக்கிறார். இளவயதில் தோட்டத்துப் பட்டறையில் வேலை கற்றவர். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, பாடிய நான் பார்த்துக்கிறேன். எஞ்சின தூக்கிப் போட்டுட்டு டட்சன் வச்சிருவோம். ஹாஃப் கட் கடையில கேட்டா கிடைக்கும். ரெண்டு வாரத்துல ஓடும்."

"இதே எஞ்சின வச்சு ஓட்ட முடியாதாண்ணே?"

"முடியும். ஆனா ரெண்டு வாரம் ரெண்டு வருசம் ஆகும். பரவாயில்லயா?"

மூன்று வருடம் ஆனது.

நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் இருந்த எஞ்சின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. இத்தனை ஆண்டுகளில் யாரும் மாற்றவில்லை. எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதி, பரிசோதனை, கிராண்டில் திருத்தம் என்று அலைய வேண்டும். அதைவிட முக்கியம், ஒருமுறை பிரிந்த எண்கள் மறுபடி சேராது. பழைய காருக்கு எஞ்சின் எண் என்பது மனிதருக்கு அடையாள அட்டை எண் மாதிரி. பானெட்டைத் திறந்தால் சுவரில் பதித்திருக்கும் சேஸி எண் தகடும் அப்படித்தான். அந்தக் காலத்து மோரிஸ் தகட்டில் உள்ள எழுத்துகளிலேயே, தொழிற்சாலையில் என்ன வண்ணம் அடித்தார்கள், ஏற்றுமதிக்கான வண்டியா என்பதெல்லாம் அடங்கியிருக்கும். பெயின்ட் அடிக்குமுன் அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். பெயின்ட் கடைக்காரர்கள் முதலில் கழற்றி எறிவது அந்தத் தகட்டைத்தான்.

948 சிசி எஞ்சினைப் பிரித்தபோது நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. ஒரு மாற்றம் மட்டும் கட்டாயம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் ஒரு மெத்தை போல இருந்தது. இன்று நாம் அடிக்கும் பெட்ரோலில் ஈயம் இல்லை. அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பகுதியைத் தின்றுவிடும். அதனால் கடினமான உலோக வளையங்களைப் பதித்தோம். வெளியே தெரியாது.

பட்டறைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. ஜப்பானியக் கார்களில் பழகிய இளம் ஃபோர்மேன் மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பேட்டரி இணைப்பும் தலைகீழ். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனைதான் உடலோடு சேரும், இதில் பாசிட்டிவ். தெரியாமல் கைபேசி சார்ஜரை மாட்டினால் அது புகைந்துவிடும்.

சரி, பாகங்கள் எங்கே கிடைக்கும்? நான் எதிர்பார்க்காத சுலபம் இதில்தான் இருந்தது. பிரிட்டனில் மோரிஸ் மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. கதவு ரப்பரிலிருந்து கார்புரேட்டர் ஊசிவரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். கூரியர் செலவுதான் சில சமயம் பாகத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. ரப்பர் தோட்டத்துக் காருக்குக் கதவு ரப்பர் இங்கிலாந்திலிருந்து வந்ததை நினைத்து நானும் ஃபோர்மேனும் ஒரு மாலை முழுக்கச் சிரித்தோம்.

இன்னொரு வழி இலங்கை. 1960, 70-களில் அங்கே கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், இருந்த மைனர்களையே ஒட்டியும் தட்டியும் ஓட்டினார்கள். தகரம் தட்டும் கை அங்கே அழியாமல் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்லஸ் வேர், இதைப் பார்த்துத்தான் இலங்கையில் ஒரு கூட்டுத் தொழிற்சாலை தொடங்கி, அங்கே செய்த தகடுகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிரிட்டிஷ் காருக்குப் பிரிட்டனிலேயே ஓடும் தகடு நம் பக்கத்துக் கையில் உருவானது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் புதிதாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. பெரியப்பாவின் ஸ்டியரிங்கில் இரண்டு விரிசல் இருந்தது. புதியது வாங்காமல், விரிசலை நிரப்பித் தேய்த்துக்கொண்டோம். பின் இருக்கையின் மெரூன் தோலையும் கழற்றவில்லை. பிரிந்த தையலை மட்டும் போட்டோம். முன் இருக்கைக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. தெரியட்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு நான் எல்லை வைத்தது பிரேக்கில். அசல் பாகம் என்று சொல்லி 60 ஆண்டு பழைய பெட்டியோடு பிரேக் ஷூ விற்பவர்கள் உண்டு. வாங்காதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். புது லைனிங், புது சிலிண்டர், புது பிரேக் குழாய், புது டயர் போட்டோம். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற மரையுள்ள மூட்டையும் மாற்றினோம். மைனரின் பெரிய பலவீனம் அது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் அப்படியே உள்பக்கம் மடிந்து கார் குப்புற உட்காரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காரில் அசல், நகல் விவாதத்துக்கு இடமில்லை. இடுப்புப் பட்டையும் மாட்டினோம். 1957-இல் அது கிடையாது.

எனக்கு அதிகமாக வேலை வைத்தது டிராஃபிகேட்டர். அந்தக் காலக் கார்களில் திரும்பும்போது விளக்கு மினுக்காது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீண்டு, உள்ளே ஆரஞ்சு விளக்கு எரியும். 1961-வரை மைனரில் இதுதான். எங்கள் காரில் இரண்டும் உள்ளேயே துருவேறிக் கிடந்தன. பிரித்து, காந்தச் சுருளைத் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் வலது கை எழுந்தது. இடது கைக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் இன்றைய சாலையில் அந்தக் கையை யார் பார்ப்பார்? மோட்டார் சைக்கிள் பையன் பின்னாலிருந்து வந்து மோதுவான். அதனால் முன்னும் பின்னும் இருந்த சிறு விளக்குகளிலேயே மினுக்கும் இணைப்பு கொடுத்தோம். கையும் நீளும், விளக்கும் மினுக்கும்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. சக்கர மூடிகளை குரோம் பூச ஒரு கடையில் கொடுத்தேன். நடுவில் அச்சடித்த 'எம்' எழுத்து இருக்கும், அதைத் தொட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். பளபளப்பாகத் திரும்பி வந்தது. இரண்டு மூடிகளில் எழுத்து பாதி தேய்ந்து போயிருந்தது. "கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்றார் கடைக்காரர்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2009 இறுதியில், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. அந்தச் சில நாள்களில் எத்தனை கார்கள் பழைய இரும்புக்குப் போயினவோ. பரிசோதனையே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. பிரேக் பிடிக்காத பழைய காரைவிட ஆபத்தானது எது? வயதை மட்டும் பார்த்து ஒதுக்கக் கூடாது என்பதுதான்.

கார் முதன்முதலாக ஓடிய ஞாயிற்றுக்கிழமை, பாரிட் புந்தார் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சுற்றுப் போய், சாப்பாட்டுக் கடை முன் நிறுத்தினேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் ஒரு மாதிரி 'புர்ர்ர்' என்று உதடு துடிப்பது போலச் சத்தம் போடும். டட்சன் போட்டால் அந்தச் சத்தம் வராது. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வெளியே வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். தோட்டம் கைமாறிய பிறகு மகனோடு தாமானில் குடியிருக்கிறார்.

"டிரஸர் வண்டிதானே இது?"

"ஆமாம்மா. அவரு என் பெரியப்பா."

பின்கதவைத் திறக்கச் சொன்னார். இருக்கையின் வெளிறிய தோலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "என் மூத்தவன இதுலதான் கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பொறந்துட்டான். டிரஸர் ஐயா ரோட்டோரமா நிறுத்திட்டு, டார்ச்ச என் வீட்டுக்காரர் கையில குடுத்தாரு." பிறகு என்னைப் பார்த்து, "சீட்ட மாத்தலையே நீ?" என்றார்.

மாற்றவில்லை என்றேன்.

காரில் இன்னும் ஒரு பொருள் குறைகிறது. முன்பக்க பம்பருக்குக் கீழே உள்ள துளையில் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி, ஸ்டார்ட்டிங் ஹேண்டில். தோட்டங்களில் பலர் அதைக் கடப்பாரை மாதிரி தேங்காய் உரிக்கவும் கல் நெம்பவும் எடுத்துக்கொண்டு போனார்கள். புதியது இங்கிலாந்தில் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. கிரியான் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது, இரண்டு இடத்தில் மடங்கிய, ஒரு முழத்துக்கு மேல் நீளமான பழைய இரும்புக் கம்பி ஒன்று கிடந்தால், இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.