நடைக்கு முன் ஒரு டீ

ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். குரல் சோர்ந்திருந்தது. "ஏன் தம்பி, நடக்கப் போறதுக்கு முன்னாடி டீ குடிச்சா கொழுப்பே கரையாதாமே, நெசமா?" கூட நடக்கிறவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி ஒரு வாரமாகக் காலை டீயை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு நடந்திருக்கிறார். அன்று மூன்றாவது சுற்றில் கை நடுங்கி, உள்ளங்கை வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வர, மைதானத்துச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு; மாத்திரை போடுகிறவர்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு பெரிய உண்மை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடக்கும்போது தசைகள் இரண்டு சரக்குகளை எரிக்கின்றன. ஒன்று மாவுச்சத்து. அது கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும் கிளைக்கோஜனாக இருக்கிறது. இன்னொன்று கொழுப்பு. ஒல்லியானவர் உடம்பிலும் அது கிலோக்கணக்கில் உண்டு. இரவு சாப்பிட்டுத் தூங்கி எழும்போது இரத்தத்தில் இன்சுலின் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் கொழுப்புச் செல்கள் கைவசமுள்ள கொழுப்பை உடைத்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. தசை அதை எடுத்து எரிக்கிறது.

இந்த நேரத்தில் இனிப்போ இட்லியோ உள்ளே போனால் இன்சுலின் ஏறும். இன்சுலின் கொழுப்புச் செல்லுக்குச் சொல்லும் சேதி சுருக்கமானது: வரவு வந்துவிட்டது, சேமிப்பில் கை வைக்காதே. இந்தச் சேதிக்குக் கொழுப்புச் செல் உடனே கட்டுப்படும். இன்சுலின் சிறிதளவு ஏறினாலே போதும். இரத்தத்தில் கொழுப்பு அமிலம் குறைகிறது, தசை சர்க்கரைப் பக்கம் சாய்கிறது. சாப்பாடு கொஞ்சம் கனமாக இருந்தால் இந்தச் சாய்வு பல மணி நேரம் நீடிக்கும்.

தசைக்குக் கொழுப்பு வந்து சேராததுதான் காரணமா, அல்லது வந்தாலும் தசையே அதை எரிக்க மறுக்கிறதா? அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காயிலின் குழுவினர் இதைத் துருவிப் பார்த்தார்கள். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், குளுக்கோஸ் குடித்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஊசிவழியாகக் கொழுப்பை ஏற்றி, இரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைக் கூட்டினார்கள். கொழுப்பு எரிவது கூடியது. அப்படியும் வெறும் வயிற்றில் எரிந்த அளவை எட்டவில்லை. ஆக, தசைக்குள்ளேயும் ஒரு பூட்டு இருக்கிறது.

அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு அந்தப் பூட்டு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. நீளமான கொழுப்பு அமிலங்கள், செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தாமாக நுழைய முடியாது. வாசலில் ஒரு நொதி கைப்பிடித்து உள்ளே விட வேண்டும். குட்டையான கொழுப்பு அமிலங்களுக்கு அந்த உதவி தேவையில்லை. சர்க்கரை நிறைய எரிந்துகொண்டிருந்தபோது நீளமானது எரிவது குறைந்தது, குட்டையானது குறையவில்லை. அடுப்பில் கோளாறு இல்லை, கதவுதான் ஒருக்களித்துச் சாத்தப்படுகிறது. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து இந்த விடையை எடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2003-இல் வந்த ஆய்வில், பயிற்சிக்கு 45 நிமிடம் முன்பு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.46 கிராம் எரிந்த கொழுப்பு 0.33 கிராமாக இறங்கியது. 28 விழுக்காடு குறைவு. கேட்கும்போது பெரிதாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: வித்தியாசம் எட்டுக் கிராம்கூட வராது. தோசைக்கல்லில் சுற்றிவிடும் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஊற்றினால் அந்த அளவு வந்துவிடும். அதுவும் 75 கிராம் குளுக்கோஸுக்கு. அக்காவின் டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டாலும் பத்துக் கிராமுக்குள்தான். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் மாவுச்சத்து 25 கிராம் இருக்கும்.

அந்த எட்டுக் கிராமும் நிரந்தர நஷ்டமில்லை. நடக்கும்போது சர்க்கரை எரிந்தால் உடம்பின் கிளைக்கோஜன் இருப்பு அந்த அளவுக்குக் காலியாகும். மீதி நாளில் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எரித்து ஈடுகட்டப் பார்க்கும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றில், மற்றது சாப்பிட்டுவிட்டு. இரு குழுவுக்கும் குறைந்த கலோரி உணவுதான். நான்கு வாரம் கழித்து இரண்டு குழுவிலும் எடையும் கொழுப்பும் இறங்கியிருந்தன. குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சிறிய, குறுகிய ஆய்வுதான். என்றாலும் உடம்பு கணக்கு முடிப்பது மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில், வாரக்கணக்கில் என்பதோடு இது ஒத்துப்போகிறது.

சாப்பிடும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இனிப்பான எதையாவது சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து ஓடத் தொடங்கினால், ஏறியிருக்கும் இன்சுலினும் வேலை செய்யும் தசையும் சேர்ந்து சர்க்கரையை இழுக்கும். முதல் கால் மணியில் சிலருக்குத் தலை லேசாகச் சுற்றலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். 1979-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் டேவிட் காஸ்டில் குழுவின் ஆய்வு, இப்படி முன்கூட்டி இனிப்பு எடுத்ததால் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்கும் நேரமே 19 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அப்படிக் குறையவில்லை. உங்களுக்கு அப்படிச் சுற்றுகிறது என்றால், கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சாப்பிட்டுப் பாருங்கள். உடம்பு அசையத் தொடங்கியதுமே இன்சுலின் சுரப்பு அடங்கிவிடும்.

வெறும் வயிற்றில் நடப்பது இதமாக இருக்கிறவர்கள் தாராளமாக அப்படியே நடக்கலாம். எனக்கே சாப்பிட்டுவிட்டு நடந்தால் வயிறு கனக்கும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் நிலை வேறு. இந்த மருந்துகள் இருக்கும்போது, சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் நடையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடிக்க வேண்டும்.

அக்காவின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன், கிளிமிப்ரைடு இருந்தது. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையின் அளவைக் குறைத்தார், எதுவும் சாப்பிடாமல் நடக்கக் கூடாது என்றார். இப்போது சேலை முந்தானையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டை முடிந்துகொண்டு, பாதி வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, ஐந்து சுற்று நடக்கிறார்.