பார்த்த சொல் ஏன் வாயில் வருவதில்லை?

மாணவர்களே, டிக்டாக்கில் ஆங்கிலக் காணொளிகளைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் வகுப்பில் பேச எழுந்தால் ஒரு சொல்லும் வருவதில்லை. ஏன்?

கேட்ட சொல்லை அடையாளம் காண்பது வேறு. நினைவிலிருந்து தேடி எடுப்பது வேறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பப் படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். காணொளி முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். புதிய சொற்கள் மூன்றை வைத்து வாய்விட்டு வாக்கியம் சொல்லுங்கள். வராவிட்டால் மட்டும் மீண்டும் பாருங்கள். அடுத்த வாரமும் சொல்லிப் பாருங்கள். திணறினாலும் பரவாயில்லை, தேடி எடுக்கும் முயற்சிதான் சொல்லை மனத்தில் பதிய வைக்கிறது.