காலையில் உதறும் டீசல் வண்டி: வாரன்டி முடியுமுன் கவனிக்க வேண்டியவை

நம் பகுதி மளிகை, மண்டி வியாபாரிகளில் பலர் இப்போது சொந்தச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று லைன் போகிறவர்களில் சிலர், மழை நாளில் கிராமத்துச் செம்மண் பாதையில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, நான்கு சக்கரமும் இழுக்கும் பொலிரோ கேம்பர், தார் போன்ற டீசல் வண்டிகளை வாங்குகிறார்கள். விலை பத்து லட்சத்தைத் தொட்டுவிடும் வண்டி. ஆகவே அதில் வரும் சின்னக் கோளாறும் சின்னதல்ல.

அப்படிப்பட்ட ஒரு கோளாறைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். விடியற்காலை முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் விட்டுவிட்டு உதறும். வெள்ளைப் புகை வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். பிறகு நாள் முழுதும் ஒரு குறையும் இருக்காது. சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனால், போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படியே நாலைந்து முறை அலைந்து வாரன்டி காலத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

குளிர்ந்த எஞ்சின் ஏன் உதறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் எஞ்சினைப் போல டீசலில் நெருப்புப் பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து பதினெட்டு மடங்கு இறுக்கி அழுத்தும்போது அது தானே பழுக்கச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றுவரை தத்துவம் இதுதான். எண்ணெய் காயாத சட்டியில் கடுகைப் போட்டால் வெடிப்பதில்லை அல்லவா? அதுபோல, இரவெல்லாம் நின்று குளிர்ந்த இரும்பு, அழுத்தத்தில் பிறந்த சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நான்கு சிலிண்டரில் ஒன்று சற்றே பலவீனமாக இருந்தாலும் அதில் மட்டும் டீசல் பற்றாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது, மூன்று சிலிண்டர் இழுக்க எஞ்சின் ஆடுகிறது. சூடேறியதும் நான்காவதும் சேர்ந்துகொள்கிறது. ஆக, காலை உதறல் என்பது ஏதோ ஒன்று பலவீனமாக இருக்கிறது என்று வண்டி சொல்லும் முதல் சேதி.

எல்லா ஆட்டமும் கோளாறு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். முதல் அரை நிமிடம் சத்தமும் வேகமும் சற்றுக் கூடுதலாக இருப்பதும் இயல்பே. பி.எஸ். 6 வண்டிகளில் புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஐடிலிங் ஏறும், அதற்கும் பயப்பட வேண்டாம். நாள்தோறும் காலையில் ஒரே மாதிரி விட்டுவிட்டு ஓடினால்தான் விசாரிக்க வேண்டும்.

பொதுவாக மெக்கானிக் முதலில் கைகாட்டுவது ஹீட்டர் பிளக்கை. அந்நாளைய ஜீப்புகளில் இருந்த பூஷோ வகை டீசல் எஞ்சின்களுக்கு அது சரி. தனி அறையில் டீசலைத் தெளிக்கும் அவ்வகை எஞ்சின் ஹீட்டர் பிளக் இல்லாமல் காலையில் அசைந்து கொடுக்காது. இப்போதைய எஞ்சின்களில் டீசல் நேராக சிலிண்டருக்குள் மிக அதிக அழுத்தத்தில் பாய்கிறது. மார்கழியிலும் நம் ஊரில் கொடைக்கானல் குளிர் அடிப்பதில்லை. எனவே இங்கே அதை இரண்டாம் மூன்றாம் சந்தேகமாக வைத்துக்கொண்டால் போதும் என்பது நம் கருத்து. சோதனையும் எளிது. சாவியை ஸ்டார்ட் செய்யாமல் ஆன் மட்டும் செய்து, ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, இவ்வாறு இருமுறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் நன்றாகக் குறைந்தால் பிளக்கையோ அதன் ரிலேயையோ பார்க்கச் சொல்லலாம்.

அதற்கு முன்னால் பாட்டரி. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் அழுத்தமும் குறையும், சூடும் குறையும். இரவு நின்ற பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். (பாட்டரி ஆராய்ச்சிக்கே பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரில், 1953 முதல் இருக்கிறது. ஆனாலும் நம்மவர்கள் பாட்டரி முனையில் பூத்த பச்சையைத் துடைப்பதில்லை!)

அடுத்து, நாம் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது டீசலைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி டாங்க்கோடு நிற்கும் வண்டியில் ஈரம் சேரும். பங்க் தொட்டியிலிருந்தும் தண்ணீர் வரலாம். ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கிறது. அதில் வடிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இது பணத்தைப் பாதிக்கும் விஷயம். தண்ணீர் கலந்த டீசலால் இன்ஜெக்டர் கெட்டது என்று எழுதிவிட்டால் வாரன்டி கிடையாது என்று கைவிரிப்பார்கள். ஆகவே சர்வீஸ் சென்டரில் டீசல் மாதிரி எடுத்தால் உங்கள் கண்முன் இரண்டு பாட்டிலில் எடுத்து, இரண்டிலும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்க் பில்லைக் கொள்முதல் பில்லைப் போலவே கம்பியில் கோத்து வையுங்கள்.

இன்னொரு காரணம் ஏர் பிடிப்பது. குழாய் இணைப்பு எங்கோ தளர்ந்திருந்தால் இரவில் டீசல் மெல்ல டாங்க்குக்குத் திரும்பி, அந்த இடத்தில் காற்று புகும். காலையில் எஞ்சின் பிடித்து, இரண்டு நொடி ஓடி, தடுமாறி, பிறகு சீராகும். காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு இரவு வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்த்து, பின்புறம் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். மறுநாள் இரவு அதற்கு நேர்மாறாக நிறுத்துங்கள். டாங்க் பின்னால் உள்ள வண்டியில் முதல் நாள் காலை நன்றாக ஓடி இரண்டாம் நாள் உதறினால், குற்றம் குழாயில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கையால் அடிக்கும் பிரைமர் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டுக்கு முன் நாலு அடி அடித்துப் பார்த்தாலும் தெரியும்.

இவை எல்லாம் சரி என்றால் இன்ஜெக்டருக்கு வரலாம். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, பழைய மெக்கானிக்குகள் நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். பழைய பம்ப் வண்டிக்கு அது சரி. காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் விடாதீர்கள். ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க நேரிட்ட சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. இதற்கு ஸ்கேனர் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு உழைக்கிறது என்று அது காட்டும். திரும்பி வழியும் டீசலை அளந்து பார்க்கும் சோதனையும் உண்டு. புகையைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே உதறல் வரும். கடைக்கும் மண்டிக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, எஞ்சின் சூடே ஏறாத வண்டிகளுக்கு இது அதிகம். டேப்பட், கம்ப்ரஷன் எல்லாம் கடைசியில்.

போர் வீல் வண்டிக்கென்று ஒரு வார்த்தை. கியர் பெட்டியோடு டிரான்ஸ்ஃபர் பெட்டியும் சேர்ந்திருப்பதால் காலைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குழப்பம் வரும். நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் அடங்கினால் எஞ்சினை விட்டுவிட்டு கிளட்ச், கியர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் மாறாமல் வண்டியின் உடம்பு மட்டும் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் பார்க்க வேண்டும்.

இனி வாரன்டி. முதல் நாள் மாலையே வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை நீங்கள் வருமுன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நேரில் போய் நில்லுங்கள். வீட்டிலும் ஒரு வாரம் காலை ஸ்டார்ட்டை, மீட்டரும் சூட்டுமானியும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "காலையில் குளிர்ந்த நிலையில் உதறல், வெள்ளைப் புகை" என்று புகார் உங்கள் வாசகத்திலேயே ஜாப் கார்டில் ஏறட்டும். "பொதுச் சோதனை" என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள். குறை எதுவும் இல்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வெளியே கொடுத்து இன்ஜெக்டரைக் கழற்றுவது, இழுவை கூட்டும் பெட்டி மாட்டுவது எதுவும் இந்தக் காலத்தில் வேண்டாம். கால சர்வீஸ் ஒன்று தவறினாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 20-7-2020 முதல் நடைமுறையில் உள்ளது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் சம்பந்தப்பட்ட லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விளக்கியிருக்கிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கி, தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவரையும் லாரி வாங்கியவரையும் தீர்ப்பு உதாரணமாகவே காட்டுகிறது. பெரிய அளவில் நடக்கும் தொழிலுக்கு இது பொருந்தாது. எனவே வண்டியைச் சொந்தப் பெயரில் வாங்குவதா, கம்பெனி பெயரில் வாங்குவதா என்பதை வாங்கும் முன்பே ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணை ஜாப் கார்டு நகல்களோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.