தந்தை தேடிய மருந்து

நோய் ஒரு வீட்டினுள் நுழையும்பொழுது, அவ்வீட்டாரின் கல்வியையும் பதவியையும் விசாரித்துக்கொண்டு நுழைவதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே, ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய டக்ளஸ் மெல்ற்றன் என்பாரின் இல்லத்தில் அது 1990களின் தொடக்கத்திற் புகுந்தது. அவருடைய மகன் அப்பொழுது ஆறு மாதக் குழந்தை. திடீரென நோயுற்ற அக்குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது, அதனைப் பற்றியிருப்பது நீரிழிவு என்று தெரியவந்தது. அன்று தொடங்கிய ஒரு தந்தையின் தேடலே இக்கட்டுரையின் பொருளாகும்.

நீரிழிவு என்றதும், வயது வந்தோர் சீனியைக் குறைத்து, மாத்திரை உட்கொண்டு சமாளித்து வரும் நோயே நம் நினைவுக்கு வரும். குழந்தைகளையும் இளைஞரையும் பெரும்பாலும் பற்றுவது அதனின்றும் வேறானது. முதலாம் வகை நீரிழிவு என்பது அதன் பெயர். நமது இரைப்பைக்குப் பின்னால் சதையி என்னும் சுரப்பி ஒன்று உண்டு. அதனுள்ளே தீவுகளைப் போலக் கலக்கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869 இல் அவற்றை முதன்முதல் விவரித்த ஜெர்மானிய அறிஞரின் பெயரால் அவை லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் எனப்படும். அத்தீவுகளிலுள்ள பீற்றாக் கலங்கள், இரத்தத்திலுள்ள சீனியின் அளவை இடையறாது அறிந்து, அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கின்றன. நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனப் படை, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, இக்கலங்களை அழித்துவிடுவதுதான் முதலாம் வகை நீரிழிவு.

கனடாவின் ரொறன்ரோ நகரில் 1921 இல் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது. ஆயினும், இன்சுலின் நோயைத் தீர்க்கும் மருந்தன்று. நோயோடு வாழ வைக்கும் மருந்து. அளவு குறைந்தால் இரத்தத்திற் சீனி ஏறும். அளவு மிகுந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கமும், சிலவேளை மரணமும் நேரலாம். ஆதலால் இந்நோயுள்ள குழந்தையின் பெற்றோர் நள்ளிரவிலும் எழுந்து, உறங்கும் பிள்ளையின் விரலிற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்த காலம் உண்டு. பிள்ளையின் உடல் தானாகச் செய்யவேண்டிய கணக்கைத் தாயும் தந்தையும் செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

மெல்ற்றன் வைத்தியர் அல்லர். இலினோய் பல்கலைக்கழகத்திற் பயின்றபின் இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜிலே விஞ்ஞானத்தின் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்றார். பின்னர் அங்கேயே மூலக்கூற்று உயிரியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில், 2012 இல், நோபல் பரிசு பெற்ற ஜோன் கேர்டன் அவருடைய குரு. 1981 முதல் ஹாவாட்டில் அவர் ஆராய்ந்து வந்தது தவளை முட்டைகளை. ஒரே கலமாகிய முட்டையிலிருந்து தலையும் வாலும் குடலும் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதே அவருடைய வினா. அத்துறையில் நற்பெயர் ஈட்டியிருந்த அவர், மகன் நோயுற்ற பின்னர் தவளையை விட்டுச் சதையியின் பக்கம் திரும்பினார். நாற்பது வயதளவில், தாம் நன்கறிந்த துறையை விட்டுப் புதிய துறையில் மாணவனைப் போல அடியெடுத்து வைப்பது எளிதான செயலன்று.

அவர் கேட்ட கேள்வி நேரானது: அழிந்துபோன பீற்றாக் கலங்களுக்குப் பதிலாகப் புதியனவற்றை வைத்தால் என்ன? அது பயன் தரும் என்பதற்கு 2000 ஆம் ஆண்டிற் சான்று கிடைத்தது. கனடாவின் எட்மன்ரன் நகரில், இறந்தோரின் சதையியிலிருந்து பிரித்தெடுத்த சிறுதீவுகளை ஏற்றுக்கொண்ட ஏழு நோயாளர், இன்சுலின் ஊசியின்றி வாழ இயன்றது. ஆனால் இறந்தோர் வழங்கும் சதையிகள் மிகச் சில; வேண்டுவோரோ மிகப் பலர். குறைவின்றிக் கலங்களைத் தரும் ஊற்று ஒன்று வேண்டியிருந்தது.

அவ்வூற்றை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சன் 1998 இற் காட்டினார். கருக்கட்டி ஐந்தாறு நாளே ஆன மனித முளையம் கண்ணுக்கு ஒரு புள்ளியளவே தோன்றும். அதன் உட்பகுதியிலுள்ள கலங்கள் எலும்பாகவோ, இதயமாகவோ, நரம்பாகவோ எதுவாகவும் மாறும் ஆற்றல் உடையன. அவற்றை முளைய மூலக்கலங்கள் என்பர். அவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் இடையறாது பெருகச் செய்யலாம் என்பதைத் தொம்சன் நிலைநாட்டினார்.

ஆயின், அக்கலங்களைப் பிரித்தெடுக்கும்போது முளையம் அழிந்துவிடுகிறது. கருக்கட்டிய நொடி முதலே அது ஓர் உயிர் என்று கொள்வோர்க்கு இச்செயல் கொலைக்கு ஒப்பானது. கத்தோலிக்கத் திருச்சபையின் கருத்தும் அவ்வாறானதே. மறு சாராரோ, பிள்ளைப்பேறு வேண்டிய தம்பதியருக்காக உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்து, பின் தேவைப்படாது எஞ்சி, எறியப்பட இருக்கும் முளையங்களையே, உரியோரின் சம்மதத்துடன் பயன்படுத்துகிறோம் என்றனர். இவ்விரு வாதங்களுள் எதனையும் எள்ளி ஒதுக்குதல் அறிவுடையோர்க்கு அழகன்று.

2001 ஓகஸ்ட் 9 ஆம் நாள் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஒரு முடிவை அறிவித்தார். அன்றைக்கு முன் பிரித்தெடுக்கப்பட்ட கலவழிகளை ஆராய்வதற்கு மட்டுமே மத்திய அரசாங்கத்தின் பணம் கிடைக்கும் என்பதே அது. அவ்வாண்டிலேயே மெல்ற்றனின் மகளுக்கும், அவளுடைய பதினான்காம் வயதில், அதே நோய் வந்தது.

அவர் சட்டத்தை மீறவில்லை; சோர்ந்து அமரவும் இல்லை. தனியார் நிதியைக் கொண்டு, அரசாங்கப் பணத்தில் வாங்கிய கருவி எதுவும் கலவாத தனி ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். எஞ்சிய முளையங்களை மனமுவந்து அளித்த தம்பதியரின் உதவியால், 2004 இல் 17 புதிய கலவழிகளை உருவாக்கினார். அவற்றைத் தமக்கெனப் பூட்டி வைக்காது, கேட்ட ஆராய்ச்சியாளர்க்கெல்லாம் விலையின்றி வழங்கினார். அரசாங்க நிதிக்கு விதித்த அத்தடையை ஜனாதிபதி ஒபாமா 2009 மார்ச்சில் நீக்கினார்.

மூலக்கலத்தைப் பீற்றாக் கலமாக மாற்றுவது ஒரே நாளில் முடியும் வித்தையன்று. கருவிலே சதையி உருவாகும்போது கலங்கள் எந்த எந்தப் படிகளைக் கடக்கின்றனவோ, அந்தப் படிகளையெல்லாம் அதே ஒழுங்கிற் கண்ணாடிக் கலனிலும் கடக்கச் செய்யவேண்டும். எந்த நாளில், எந்தப் பொருளை, எவ்வளவு சேர்ப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தறிய ஆண்டுகள் பல சென்றன. தவளை முட்டையிற் கற்ற பாடம் இங்கே வீண்போகவில்லை என்பது கூறாமலே விளங்கும்.

இத்தேடலிலே ஒரு சறுக்கலும் நேர்ந்தது. எலிகளின் பீற்றாக் கலங்களைப் பெருகச் செய்யும் ஓமோன் ஒன்றைக் கண்டதாக மெல்ற்றன் குழுவினர் 2013 இல் வெளியிட்டனர். உலகப் பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. பிறர் சோதித்தபோது அம்முடிவு கிட்டவில்லை. மெல்ற்றன் தம் பரிசோதனைகளைத் தாமே மீண்டும் நடத்தினார். வெளியாருடன் சேர்ந்தும் நடத்தினார். தவறு உறுதியானதும், 2016 இல் அக்கட்டுரையை முறைப்படி மீளப் பெற்றுக்கொண்டார். இரு மக்களின் நோய் தீரவேண்டும் என்று ஏங்கும் தந்தைக்கு, நம்பிக்கை தந்த ஒரு முடிவைத் தம் கையாலேயே அழிப்பது எத்துணைக் கடினம்! மாணவர்கள் இதனை அவருடைய வெற்றிகளுக்கு ஒப்ப மனத்திற் கொள்ள வேண்டும்.

மெய்யான வெற்றி இதற்கிடையே, 2014 அக்டோபரில், வந்திருந்தது. சீனிக்கு ஏற்ப இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களைக் கோடிக்கணக்கில் ஆய்வுகூடத்தில் ஆக்கும் முறையை அவர் குழு வெளியிட்டது. நீரிழிவுள்ள எலிகளில் அவற்றைச் செலுத்தியபோது நோய் தணிந்தது. மனிதரிடம் கொண்டு செல்வதற்கென நிறுவிய கம்பனிக்கு, தம் மக்கள் இருவரின் பெயர்களையும் இணைத்துச் செம்மா என்று பெயரிட்டார். அதனை 2019 இல் வேர்ட்டெக்ஸ் என்னும் மருந்துக் கம்பனி 95 கோடி டொலருக்கு வாங்கியது. 2022 இல் மெல்ற்றன் ஹாவாட்டை விட்டு அக்கம்பனியிற் சேர்ந்தார்.

2025 ஜூனில் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த அறிக்கையின்படி, முழு அளவிற் கலங்களைப் பெற்ற 12 நோயாளருள் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். ஈரலுக்குச் செல்லும் நாளத்தினூடாகச் செலுத்தப்பட்ட கலங்கள் அங்கே தங்கி, இன்சுலினைச் சுரக்கலாயின.

எனினும் பாதை முடிந்துவிடவில்லை. வந்து சேர்ந்த கலங்களை உடல் தாக்காதிருக்கும் பொருட்டு, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை அந்நோயாளர் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. அம்மருந்துகள் தொற்றுநோய்க்கு வாயிலைத் திறந்துவிடும். அச்சோதனையிற் பங்குபற்றிய ஒருவர் மூளையுறைத் தொற்றினால் இறந்தார் என்பதையும் அதே அறிக்கை மறைக்காது கூறியது. நாள்தோறும் ஊசியா, நாள்தோறும் இம்மருந்தா என்று தெரிவு செய்யவேண்டிய நிலையில், ஊசியால் ஓரளவு நலமாக வாழும் ஒரு சிறு பிள்ளைக்கு இச்சிகிச்சையை அளிக்க எந்த வைத்தியரும் தயங்குவார். அம்மருந்து வேண்டாத கலங்களை ஆக்குவதே அடுத்த பணி.

அன்று ஆறு மாதக் குழந்தையாயிருந்த மகன், 2025 இல் முப்பது வயதைக் கடந்தவர். தந்தையின் அன்பு அத்தேடலைத் தொடக்கி வைத்தது. ஆனால் அன்பின் அவசரத்துக்காக இயற்கை தன் விதிகளைத் தளர்த்தவில்லை. படிப்படியாகச் சென்ற பொறுமையும், பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்ட நேர்மையும், தாம் கண்டதைப் பிறருக்கும் பகிர்ந்தளித்த பெருந்தன்மையுமே அதனை இத்துணைத் தூரம் கொண்டு வந்தன. விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் பரீட்சைப் புள்ளிகளுடன் இம்மூன்றையும் சேர்த்து ஈட்டுவார்களாக.