வில்வேட்டைக்காரனின் உடை



வில்லும் அம்பும் ஏந்திக் காட்டினுள் நுழைகின்ற ஒருவன் எதனை உடுத்திச் செல்லவேண்டும் என்பது முதலிற் கேட்கும்போது மிகச் சிறியதொரு வினாவாகவே தோன்றும். துப்பாக்கி இருக்கின்ற காலத்தில் வில்லை எடுப்பார் எவர் என்றுகூட நீங்கள் கேட்கக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதனை எடுப்போர் இன்றும் இலட்சக்கணக்கில் உளர். விஸ்கொன்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டிலும், மிச்சிகன் மாநிலம் 1937ஆம் ஆண்டிலும் வில்லினால் மான் வேட்டையாடுவதற்கெனத் தனியே ஒரு பருவத்தை ஒதுக்கிக் கொடுத்தன. பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழியே சென்றன. இவ்வில்லாளர்கள் உடை விடயத்தில் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கின்றனர். இலையும் பட்டையும் சுள்ளியும் அச்சடித்த உருமறைப்பு உடையின்றிக் காட்டிற் கால் வைத்தலாகாது என்பது ஒரு கட்சி. பாட்டனார் அணிந்த கட்டம் போட்ட கம்பளிச் சட்டையே போதும், மற்றதெல்லாம் கடைக்காரனின் இலாபத்துக்கு என்பது மறு கட்சி.

நான் வேட்டையாடியவன் அல்லேன். உயிரைக் கொல்வதில் எனக்கு விருப்பமும் இல்லை. எனினும் இவ்வழக்கை ஆராயப் புகுந்தால் விலங்கின் கண், நெசவாளனின் கைத்திறன், போர்க்காலப் புதுமை, வணிகம், சட்டம் ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆதலின் இன்றைக்கு இதனையே பேசுபொருளாகக் கொண்டேன்.

முதலில் உடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கூறவேண்டும். நவீன துப்பாக்கி ஏந்தியவன் பல நூறு அடிக்கு அப்பால் நின்றே சுடுவான். அவன் எதை உடுத்தியிருந்தாலும் மான் அதனைப் பொருட்படுத்தும் தூரம் அன்று அது. மரபு வில்லைப் பிடித்தவனோ அறுபது அல்லது எழுபது அடிக்குள் மான் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். மான் வந்த பின்னரும், அதன் கண்முன்னே கையை உயர்த்தி நாணை இழுத்தாகவேண்டும். அந்தக் கணத்தில் மான் மிரண்டு துள்ளுமாயின், நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு வயிற்றிலோ தொடையிலோ பாய்ந்துவிடும். அடிபட்ட பிராணி ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்காகத் துன்புற்று இறக்கும். வேட்டைக்காரன் அதனைக் கண்டெடுக்காமலும் போகலாம். வேட்டையை ஏற்றுக்கொள்பவர்கூட இதனை ஏற்கமாட்டார். ஆகவே, மானுக்குத் தெரியாமல் நிற்பது எவ்வாறு என்னும் வினா அலங்காரத்தைப் பற்றியதன்று. ஒரு பிராணி நொடியில் மடிவதா, நெடுநேரம் வதைபட்டு மடிவதா என்பதைப் பற்றியது.

மரபுக் கட்சியினர் தமக்குச் சான்றாக முதலில் அழைப்பது இஷி என்பவரை. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கலிபோர்ணியாவிலுள்ள ஓரோவில் என்னும் ஊரருகே, பசியால் வாடிய ஒரு மனிதர் காட்டிலிருந்து வெளிப்பட்டார். யாகி என்னும் தொல்குடியில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. அவருடைய சுற்றத்தார் அனைவரும் வெள்ளைக் குடியேறிகளின் கொலைகளாலும் நோயாலும் பசியாலும் அழிந்துபோயினர். அவர் தம் பெயரை வெளியிடவில்லை. மனிதன் என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லையே, மானிடவியலறிஞர் குரோபர் அவருக்குப் பெயராகச் சூட்டினார். சான் பிரான்சிஸ்கோ நூதனசாலையில் அவர் வாழ்ந்த காலத்தில், சக்ஸ்டன் போப் என்னும் சத்திர சிகிச்சை வைத்தியர் அவரிடம் மாணவராய் அமர்ந்து வில்வித்தை பயின்றார். 1916ஆம் ஆண்டில் இஷி காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதை 1923இல் நூலாக வெளியிட்டார். இன்றைய அமெரிக்க வில்வேட்டையின் மூலநூல் அதுவே எனலாம்.

வேட்டைக்குச் செல்லுமுன் இஷி செய்தவற்றைப் போப் எழுதி வைத்திருக்கிறார். முதல்நாள் மீன் உண்ணார். புகையிலை வாடை தம்மீது படவிடார். விடியலில் தலைமுதல் கால்வரை நீராடி, வாயையும் கழுவுவார். உணவு கொள்ளாமலே புறப்படுவார். உடையோ ஒரு மேற்சட்டை அல்லது ஒரு கோவணம், அவ்வளவே. காலை மூடும் துணி புதரில் உராய்ந்து ஓசை எழுப்பும் என்பதும், வெறுந்தோல் முள்ளையும் சுள்ளியையும் உணர்வதால் நடை தானே எச்சரிக்கையாகும் என்பதும் அவருடைய கருத்து. இதனைச் சற்று நின்று சிந்தியுங்கள். நிறத்தைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. மணம், ஓசை, நடை என்ற இம்மூன்றையுமே அவர் கவனித்தார். நமது நாட்டு வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் எழுதிய நூலும் அதே 1911ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிலுள்ள படங்களிலும், இடைக்கயிற்றில் செருகிய சிறு துணியோடுதான் வில்லேந்தியோர் நிற்கின்றனர்.

எனினும், பழங்கால வேட்டைக்காரர் நிறத்தைக் கருதவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் ரொபின் ஹூட் கதைகளிலே கூறப்படும் லிங்கன் பச்சை என்பது லிங்கன் நகரத்து நெசவாளர் தோய்த்த துணி. கம்பளியை முதலில் ஒரு செடியின் நீலச் சாயத்திலும், பின்னர் மற்றொரு செடியின் மஞ்சட் சாயத்திலும் தோய்த்து அந்தப் பச்சையை உண்டாக்கினர். காட்டில் வாழ்பவனுக்குக் காட்டின் நிறம் என்னும் எண்ணம் அக்கதையிலே உறைந்து கிடக்கிறது. (அதே இங்கிலாந்தில் இன்று வில்லால் மான் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம்.)

உருமறைப்பு என்பது அதனினும் வேறானது. ஒரு நிறத்தை அணிவதன்று அது, உருவத்தைச் சிதைப்பது. அபொட் தேயர் என்னும் ஓவியர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், விலங்குகளின் புள்ளியும் கோடும் அவற்றின் புறவெல்லையைக் கண்ணுக்குப் புலப்படாமல் உடைக்கின்றன என்று விளக்கினார். முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையினர் 1915ஆம் ஆண்டில் ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைவீரர், தவளைத்தோல் எனப் பெயர்பெற்ற புள்ளியுடையை அணிந்தனர். போர் முடிந்தபின் மிஞ்சிய அவ்வுடைகள் மலிவாக விற்பனைக்கு வந்தன, வேட்டைக்காரர் வாங்கினர். புதிய கட்சி பிறந்தது இவ்வாறுதான். 1986ஆம் ஆண்டில் ரொக்சி ஹாஸ் என்பவர் மிசிசிப்பியில் மொசி ஓக் என்னும் வணிகப் பெயரையும், பில் ஜோர்டன் என்பவர் ஜோர்ஜியாவில் ரியல்ரீ என்னும் பெயரையும் தொடங்கினர். மரப்பட்டையையும் இலையையும் உள்ளவாறே துணியில் அச்சடித்தது இவர்களின் புதுமை. இன்று அப்படங்கள் தொப்பியிலும் மோட்டார் வண்டியிலும் மணப்பெண்ணின் உடையிலுங்கூடக் காணப்படுகின்றன என்றால், இதில் எவ்வளவு காட்டுக்காக, எவ்வளவு ஊராருக்காக என்று ஐயுறுவதில் தவறில்லை.

வழக்கில் நடுநிலைச் சாட்சி மானின் கண்ணே ஆகும். 1992ஆம் ஆண்டில் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர் சிலர் வெள்வால் மானின் விழித்திரை ஒளிக்கு எவ்வாறு மின்துலங்கல் காட்டுகிறது என்று அளந்தனர். முடிவுகள் 1994இல் வெளியாயின. நிறங்காணும் கூம்புக் கலங்கள் மனிதனுக்கு மூவகை, மானுக்கு இருவகையே. ஒன்று 450 முதல் 460 நனோமீற்றர் வரையுள்ள நீல ஒளியிலும், மற்றது 537 நனோமீற்றர் அளவான பசுமையொளியிலும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றது. சிவப்பை உணரும் மூன்றாவது வகை இல்லை. அதனால் நமக்குத் தீப்போல் எரியும் செம்மஞ்சளும் சிவப்பும் மானுக்கு மங்கிய ஒரு சாயலாகவே தோன்றும். ஆனால் நீலத்தை அது நன்கு காண்கிறது. நமது கண்வில்லை தடுத்துவிடுகின்ற ஊதாகடந்த கதிர்களிலும் ஒரு பகுதி மானின் கண்ணுக்குள் செல்கிறது. சலவைத் தூள்களில் துணியை வெண்மையாகக் காட்டுவதற்கென ஒரு பொருள் சேர்க்கப்படுவதுண்டு. அது ஊதாகடந்த கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். அருமையான பச்சை உருமறைப்பு உடையை வாங்கி, அத்தூளில் வெளுத்து அணிந்தவன், மங்கிய வைகறையில் மானின் கண்ணுக்கு நீலமாய் மினுங்கக்கூடும். நீலக் காற்சட்டை அணிந்தவனுக்கும் இதே இடர் உண்டு. பழைய மண்ணிறக் கம்பளியைத் தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்தியவனுக்கு அது இல்லை.

மானுக்கு நுண்ணிய விவரங்களைப் பிரித்தறியும் ஆற்றல் நம்மிலும் குறைவு. துணியில் அச்சடித்த சிற்றிலைகளின் நரம்பழகு அதற்குப் புலப்படுமென நம்புவதற்கில்லை. வாங்குகின்ற மனிதனுக்கே அது புலப்படுகிறது. சிறு இலைகள் சற்றுத் தொலைவில் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருந்திட்டாகிவிடும். பெரிய வெளிர்திட்டும் பெரிய கருந்திட்டும் அடுத்தடுத்துக் கிடந்தால்தான் உருவம் உடையும். சாம்பலும் கறுப்புமான பெருங்கட்டக் கம்பளிச் சட்டை இதனை நன்றாகவே செய்கிறது என்று மரபுக் கட்சியினர் கூறுவது பொருத்தமானதே. பென்சில்வேனியாவிலே வூல்ரிச் ஆலை நெடுங்காலமாக நெய்த புகழ்பெற்ற சிவப்புக் கறுப்புக் கட்டத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது. மானுக்குச் சிவப்பும் இருளாகவே தெரிவதால், அக்கட்டத்தின் வேறுபாடு நமக்குத் தெரியுமளவு அதற்குத் தெரியாது.

ஆயினும் நிறத்தையும் கட்டத்தையும் விடப் பெரியது அசைவு. மானின் கண்கள் தலையின் இருமருங்கிலும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள பரப்பின் பெரும்பகுதியை அது காணும். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் வெள்ளுடுப்பணிந்த ஐந்நூறு பிள்ளைகள் முன்னே நின்றிருக்கிறேன். அசையாது நிற்பவன் எவன் என்று எனக்குத் தெரியாது. பின்வரிசையில் காதைச் சொறிந்தவனை உடனே தெரியும். மானும் அவ்வாறே. வேட்டைக்காரனின் உடலில் அதிகம் அசைவன முகமும் கையுமே. விலையுயர்ந்த உடையை அணிந்து, வெளிறிய முகத்தையும் கையையும் திறந்து வைத்திருப்பவன், கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்துவிட்டவனை ஒப்பான். கையுறையும், அகன்ற விளிம்புத் தொப்பியின் நிழலும், கன்னத்திற் பூசிய சிறிது கரியும் பல நூறு டொலர் உடையைவிடப் பயன் தரும்.

ஓசை அடுத்தது. நைலோன் போன்ற செயற்கை இழைத் துணி சுள்ளியில் உரசினால் சரசரக்கும். குளிரில் அது இன்னும் விறைக்கும். கம்பளி ஊமை. நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும் குணமும் அதற்குண்டு. பருத்தியோ நனைந்தவுடன் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். மிச்சிகனின் நவம்பர் மாதக் குளிரில் மரத்தின் மேல் அசையாது ஐந்து மணி நேரம் அமர்ந்திருப்பவனுக்கு இது உயிர்ப் பிரச்சினையே. நடுங்குகின்ற கை நாணை ஒழுங்காக விடாது என்பதையும் கருதவேண்டும். ஆயினும் கம்பளி பாரமானது; மழையில் நனைந்தால் இன்னும் பாரமாகும். புதிய உடைகளிலும் மெத்தென்ற மேற்பரப்புடையன இப்போது வந்துள்ளன. ஆதலால் இதில் முழு வெற்றியை ஒரு கட்சிக்கே கொடுத்தல் நேர்மையாகாது.

வில்லின் தன்மையையும் பார்க்கவேண்டும். அகன்ற கைகளையுடைய மேற்சட்டையோடு நீள்வில்லை இழுத்தால், விடுபட்ட நாண் சட்டைக்கையில் அடித்து அம்பைத் திசை திருப்பிவிடும். அதற்காகவே முன்கையில் தோற்காப்பு அணிகின்றனர். மார்புப் பொத்தானும் பையின் மடிப்பும் அவ்வாறே இடைஞ்சலாகும். தொப்பி விளிம்பும் நாணைத் தொடாதிருத்தல் வேண்டும். மிச்சிகனில் வில்தொழிற்சாலை நடத்தி, வில்வேட்டையை நாடெங்கும் பரப்பிய பிரெட் பெயார் (1902–1988) கம்பளிச் சட்டையுடனும் உருமறைப்பு உடையுடனும் புகைப்படங்களிலே காட்சியளிக்கிறார். இரு கட்சியினரும் அவரைத் தம்மவர் என்கின்றனர். அவரிடம் அதிகம் மாறாதிருந்தது தலையிலிருந்த பொர்சலினோத் தொப்பி ஒன்றே.

இறுதியாக, வேட்டைக்காரனைப் பார்க்கும் கண் மானுடையது மட்டுமன்று. துப்பாக்கிப் பருவமும் வில்பருவமும் ஒரே நாளில் வந்து மோதுமாயின், புதரோடு புதராய் மறைந்து நிற்பவன் மற்றொரு மனிதனின் குண்டுக்கு இலக்காகலாம். இதனைத் தடுக்கவே பல மாநிலங்கள் துப்பாக்கிப் பருவத்தில் ஒளிவீசும் செம்மஞ்சள் உடையைக் கட்டாயமாக்கியுள்ளன. வில்லுக்கே உரிய நாள்களில் பெரும்பாலும் விலக்கு உண்டு. செம்மஞ்சளில் கறுப்புத் திட்டுகளை அச்சடித்த உடைகளும் விற்கப்படுகின்றன. மானுக்கு உருவம் உடையும், மனிதனுக்கு நிறம் தெரியும் என்பது விற்பவர் வாதம். சில மாநிலங்கள் அதனை ஏற்கின்றன. சில, திட்டில்லாத முழு நிறமே வேண்டும் என்கின்றன. பாட்டனாரின் சிவப்புக் கட்டச் சட்டையை இச்சட்டங்கள் செம்மஞ்சளாகக் கொள்வதில்லை. ஆதலால் மரபைக் கைவிடாதவரும் அந்நாள்களில் அக்கம்பளியின்மேல் செம்மஞ்சள் நிறக் கையில்லா மேலங்கி ஒன்றை மாட்டிக்கொண்டே காட்டுக்குச் செல்கின்றனர்.